பத்துப் பேர் சொன்னால் உண்மையா? ஆட்டோ சங்கர் புத்தகமும் ஒரு பழைய செக்ரோலும்

மார்ச் 3, இரவு 9.50

ஆட்டோ சங்கர் என்பவன் 1980-களின் கடைசியில் சென்னைத் திருவான்மியூர் பக்கம் கொலைகள் செய்து, பிறகு தூக்கிலிடப்பட்டவன். அக்கா மகள் கோலாலம்பூரில் குற்றவியல் படிக்கிறாள். அவள் கேட்டதை அப்படியே போடுகிறேன்:

"மாமா, ஆட்டோ சங்கரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். நீங்கள் ஈப்போவில் வாங்கி வந்தீர்களே ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம், அதை இரண்டாம்நிலைச் சான்றாகக் காட்டலாமா? விரிவுரையாளர் சரிப்படாது என்கிறார். ஆனால் அதில் இருப்பது பத்துக் காணொலியில் அப்படியே இருக்கிறது மாமா. பத்து இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் உண்மையாகத்தானே இருக்கும்?"

ஆமாம் என்று தட்டி அனுப்பப் போனேன். அனுப்பவில்லை. அந்தப் புத்தகத்தை நானே இரண்டு தடவை ஆசையாகப் படித்தவன், அதனால் என் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

மார்ச் 3, இரவு 11.15

புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கியது. அட்டையில் கைவிலங்கு, ரத்தத்துளி. பதிப்பித்த ஆண்டு எங்கேயும் இல்லை. எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வரி கிடையாது. முதல் அத்தியாயத்திலேயே, ராத்திரி இரண்டு மணிக்குத் திருவான்மியூரில் தனியாக உட்கார்ந்திருந்த சங்கர் மனத்துக்குள் என்ன நினைத்தான் என்று அரைப் பக்கம் ஓடுகிறது. நான் படித்தபோது அந்த அரைப் பக்கம்தான் மயிர்க்கூச்செறிய வைத்தது. இன்றைக்குப் படித்தால் ஒரே கேள்விதான் வருகிறது: தனியாக இருந்தவன் மனத்துக்குள் நினைத்ததை யார் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டது?

மார்ச் 4, காலை 7.20

ராத்திரி தூக்கம் வரவில்லை, பழைய சம்பவம் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. நீளமாகத்தான் இருக்கும், வேலை இருப்பவர்கள் போய்விட்டு அப்புறம் வாருங்கள்.

1988-இல் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக (எழுத்தராக) சேர்ந்தேன். பால் வெட்டுகிறவர்கள் காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) வாளி தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள், நான் நிறுத்துக் கிலோவைச் சட்டைப்பையில் வைக்கிற சின்னப் புத்தகத்தில் எழுதுவேன். சாயங்காலம் ஆபீசில் அதைப் பார்த்துப் பெரிய செக்ரோலில் (ஆட்களின் வேலை, சம்பளப் பதிவேட்டில்) ஏற்றுவோம். செக்ரோலைப் பார்த்து மாதக் கணக்கு. மாதக் கணக்கைப் பார்த்துத் துரைக்கு அறிக்கை. சின்னப் புத்தகம் மட்டும்தான் பாலுக்கு எதிரில் நின்று எழுதியது (முதல்நிலை), மற்ற மூன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை (இரண்டாம்நிலை).

சம்பள நாளன்று ஒரு அக்கா வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, அன்னைக்கு ரெண்டு வாளியும் தளும்பத் தளும்பக் கொண்டாந்தேன், பதினொரு கிலோன்னு போட்டிருக்கீங்களே" என்றார். பெரிய கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செக்ரோலில் 11, மாதக் கணக்கில் 11, அறிக்கையில் 11, மூன்று இடத்தில் இருக்கிறதம்மா, போய் வா என்றார். அக்கா போகவில்லை. கடைசியில் பெரிய கிராணி எரிச்சலோடு சின்னப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். அங்கேயும் 11 தான். ஆனால் இரண்டாவது 1-இன் தலையில் பால் சொட்டு ஒன்று விழுந்து காய்ந்து தோலாக இருந்தது. அக்காதான் பார்த்தார், நகத்தால் மெதுவாக உரித்தார். உரிந்து வந்த தோலில் 7-இன் மேல்கோடு மை ஒட்டிக்கொண்டு தலைகீழாக வந்தது. 17.

எழுதினவன் நான். பார்த்து ஏற்றினவனும் நான்.

பெரிய கிராணி மூன்று சாட்சி இருப்பதாகத்தான் நம்பினார். இருந்தது ஒரு சாட்சி, அதன் மேல் ஒரு சொட்டு பால். பிள்ளை, உன் பத்துக் காணொலிக்கும் இதுதான் கேள்வி. எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணாதே, எத்தனை பேர் வாளிக்கு எதிரில் நின்றார்கள் என்று எண்ணு.

மார்ச் 4, மதியம் 1.05

"மாமா, சாட்சி எத்தனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லோரும் ஒட்டுக்கடையில் சேர்ந்து உட்கார்ந்தா எழுதினார்கள்" என்று கேட்கிறாள். நல்ல கேள்வி. தப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம். சரியானதைப் பத்துப் பேர் தனித்தனியாகவும் எழுத முடியும். ஒரே விசித்திரமான தப்பைப் பத்துப் பேர் தனித்தனியாகச் செய்ய மாட்டார்கள். ஏட்டுச் சுவடி பார்த்தவர்களுக்கு இது பழைய வித்தை. உ.வே.சா. சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சுக்குக் கொண்டுவரும் முன் ஊர் ஊராகச் சுவடி தேடி ஒப்பிட்டாரே, அந்த வேலையில் இதுவும் உண்டு: ஒரே இடத்தில் ஒரே மாதிரி பிழைபட்ட ஏடுகள் என்றால் ஒரு தாய் ஏட்டின் பிள்ளைகள்.

நம் சிவப்புப் புத்தகத்தில் அப்படி ஒரு தப்பு இருக்கிறது. சங்கரை வேலூர் சிறையில் தூக்கிலிட்டதாகப் போட்டிருக்கிறது. தூக்கிலிட்டது சேலம் மத்தியச் சிறையில், 1995 ஏப்ரல் 27. அவள் அனுப்பிய பத்துக் காணொலியையும் நேற்று ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன் (மனைவி வந்து, ராத்திரி நேரத்தில் இது என்ன கொலைகாரச் சகவாசம் என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்). ஆறு காணொலியில் வேலூர். ஆறும் ஒரே சாட்சி.

மார்ச் 4, மதியம் 1.12

மீதி நாலில் இரண்டு ஒரே ஆள் போட்டவை, குரலை மட்டும் கணினிக் குரலாக மாற்றியிருக்கிறார்.

மார்ச் 5, இரவு 10.30

தேதிப் பரிசோதனை. சுவாரசியம் இல்லாத வேலை, ஆனால் அரை மணி நேரத்தில் புத்தகத்தின் நாடி பிடித்துவிடலாம். இந்த வழக்கில் அசைக்க முடியாத தேதிகள் சில உண்டு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே வரிசையாக இருக்கிறது. ஆறு கொலைகளுக்காக வழக்கு நடந்தது. செங்கற்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் 1991 மே 31 அன்று மரண தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1992 ஜூலை 17 அன்று உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 1994 ஏப்ரல் 5 அன்று மேல்முறையீட்டைத் தள்ளியது.

நம் புத்தகம் மரண தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் விதித்ததாகச் சொல்கிறது, செங்கற்பட்டு என்ற பெயரே இல்லை. 1990-இல் சென்னை மத்தியச் சிறையிலிருந்து தப்பி ஒடிசாவில் ரூர்கேலாவில் பிடிபட்டதைச் சரியாகச் சொல்கிறது. அது பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்த செய்தி. ஆக, எழுதியவர் பத்திரிகை பார்த்திருக்கிறார், தீர்ப்பைப் பார்க்கவில்லை. இது திட்டு இல்லை. எதைப் பார்த்து எழுதினார் என்று தெரிந்தால் எதற்கு நம்பலாம் என்று தெரியும்.

மார்ச் 6, காலை 6.45

யாரோ கேட்டிருக்கிறார்: சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையே இருக்கிறதே, அதைப் பார்த்தால் முடிந்தது, இரண்டாம்நிலை எதற்கு என்று. சரியான பேச்சு. கொலைகாரனே எழுதியது, உச்ச நீதிமன்றமே அது உண்மை என்று ஏற்று வெளியிடச் சொன்னது. அதை விட வேறு என்ன வேண்டும்?

மார்ச் 6, இரவு 9.10

காலையில் எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும், நான் எவ்வளவு ஜம்பமாக எழுதினேன் என்று தெரியட்டும். தப்பு. ரொம்ப நாளாக எங்கேயோ கேட்டு வைத்திருந்ததைத் தீர்ப்பைப் பார்க்காமல் எழுதினேன். நேற்றுத்தான் இன்னொருவரை அதற்காகக் குறை சொன்னேன்!

இன்றைக்குத் தீர்ப்பைப் படித்தேன். 1994 அக்டோபர் 7, நக்கீரன் பத்திரிகை ஆசிரியர் ராஜகோபால் தமிழ்நாடு அரசுக்கு எதிராகப் போட்ட மனு. சங்கர் சிறையிலேயே 300 பக்கம் போல எழுதி, மனைவி வழியாக வழக்கறிஞர் கைக்குப் போய், பத்திரிகைக்கு வந்தது என்பது பத்திரிகையின் வாதம். அதில் உயர் அதிகாரிகள் பெயர் அடிபடுகிறது என்கிறார்கள். 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவர், இது பொய், சங்கர் எழுதியதே இல்லை, போடாதே என்று கடிதம் அனுப்புகிறார். சங்கரை அடித்து உதைத்து அப்படி எழுதி வாங்கினார்கள் என்று பத்திரிகை திருப்பிச் சொல்கிறது. இந்தச் சண்டையில் நீதிமன்றம் சங்கர்தான் எழுதினான் என்று எங்கேயும் சொல்லவில்லை. அவன் அந்த வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை, அவனை விசாரிக்காமல் எழுதினானா இல்லையா என்று முடிவு கட்ட முடியாது என்று அதை ஓரமாக வைத்துவிட்டது. சொன்னது வேறு: வெளிவரும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. பொதுப் பதிவேட்டில், நீதிமன்ற ஆவணத்தில் இருப்பதைச் சம்மதம் இல்லாமலே எழுதலாம். அதைத் தாண்டி ஒருவருடைய வாழ்க்கைக்குள் போனால் அந்தரங்க உரிமை குறுக்கே வரும், விளைவுக்கு நீ பொறுப்பு.

இந்தியாவில் அந்தரங்க உரிமை என்றால் இன்றும் இந்த வழக்கை எடுத்துக் காட்டுகிறார்கள். "வெளியிடலாம்" என்பது எப்படியோ வாய் மாறி வாய் மாறி "உண்மை" என்றாகி, என் காதுக்கு வந்து, என் விரல் வழியாக மறுபடி வெளியே போயிருக்கிறது. மன்னிக்கவும்.

மார்ச் 6, இரவு 9.40

அப்போது அந்த 300 பக்கம் முதல்நிலையா இரண்டாம்நிலையா? யோசித்துப் பார்த்தால் கேள்வியே கோணலாக இருக்கிறது. எதற்குச் சான்று என்று சொல்லாமல் நிலை சொல்ல முடியாது. 1994-இல் தமிழ் வாசகர்கள் ஆட்டோ சங்கரைப் பற்றி என்ன படித்தார்கள் என்பதற்கு அது முதல்நிலைச் சான்று, அதில் சந்தேகமே வேண்டாம். கொலை எப்படி நடந்தது என்பதற்கு, யார் எழுதியது என்றே முடிவாகாத ஒரு தாள். சங்கரே எழுதியிருந்தாலும்தான் என்ன, கழுத்துக்குக் கயிறு காத்திருக்கும்போது எழுதுகிறவனுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும்.

சிவப்புப் புத்தகமும் அப்படித்தான். நம் ஊர்க் கடைகளில் கொலைக் கதை எப்படி விற்றது என்று ஆராய்ந்தால் அது தங்கம்.

மார்ச் 7, மதியம் 2.00

எண்ணிக்கை விஷயம். புத்தகத்தின் பின்னட்டையில் "எண்ணற்ற கொலைகள்". உள்ளே ஒரு இடத்தில் ஒன்பது, இன்னொரு இடத்தில் ஆறு. அவள் ஆறுதான் சரி, மற்றது புளுகு என்று முடிவு கட்டிவிட்டாள். பொறு பிள்ளை. ஆறு என்பது வழக்கு நடந்த எண்ணிக்கை. கொலையாளிகள் விஷயத்தில் ஒரே ஆளுக்கு மூன்று எண் இருக்கும், மூன்றும் பொய் இல்லாமலும் இருக்கும். இங்கிலாந்து டாக்டர் ஹரல்ட் ஷிப்மனைப் பார். 2000 ஜனவரியில் நடுவர் குழு குற்றவாளி என்று சொன்னது 15 கொலைகளுக்கு. 2002-இல் விசாரணை ஆணையம் பெயர் பெயராக ஆராய்ந்து 215 என்றது. அப்புறம் மொத்தம் ஏறத்தாழ 250 இருக்கலாம் என்று மதிப்பிட்டது. தண்டனைக்கு ஓர் எண், ஆணையத்துக்கு ஓர் எண், மதிப்பீட்டுக்கு ஓர் எண். எந்த எண் எந்தக் கணக்கில் வந்தது என்று சொல்கிற புத்தகம் நல்ல புத்தகம். நம்முடையது ஒன்பதையும் ஆறையும் ஏதோ மீன் கடையில் விலை சொல்கிற மாதிரி சொல்கிறது.

நேர்மாறாகவும் நடக்கும். அமெரிக்காவில் ஹென்றி லீ லூகாஸ் என்று ஒருத்தன், நூற்றுக்கணக்கில் கொன்றேன் என்று தானே ஒப்புக்கொண்டான். 1986-இல் டெக்சஸ் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் அவன் வேலைச் சீட்டு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் தேதியோடு ஒட்டிப் பார்த்தது. கொலை நடந்ததாகச் சொன்ன பல நாட்களில் ஆள் வேறு மாநிலத்தில் இருந்திருக்கிறான். சம்பளச் சீட்டு! ஒரு கிராணியாகச் சொல்கிறேன், அதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) கூடுதலாகக் குடிக்கத் தோன்றியது.

மார்ச் 7, இரவு 8.20

புத்தகத்தில் "போலீசாரிடம் கதறி ஒப்புக்கொண்டான்" என்று பதினான்கு இடத்தில் வருகிறது (எண்ணினேன்). சங்கர் வழக்கின்போது நடப்பில் இருந்தது இந்தியாவின் 1872 சாட்சியச் சட்டம் (2024-இல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது). அதன் 25-ஆம் பிரிவின்படி போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாதிருந்தது. அந்த ஒப்புதலை வைத்துப் போய் ஏதாவது பொருளையோ உடலையோ கண்டெடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் 27-ஆம் பிரிவில் செல்லுபடியானது. நம் மலேசியாவின் 1950 சாட்சியச் சட்டமும் அந்த அச்சில் வார்த்ததுதான். சட்டம் தெரிந்து எழுதுகிறவர் ஸ்டேஷனில் சொன்னதையும் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதையும் பிரித்து எழுதுவார். நம்மவர் எல்லாவற்றையும் கதற விட்டிருக்கிறார்.

மார்ச் 8, காலை 9.30

நேற்று ஒரு கல்யாணத்தில் பெரியம்மாவிடம் இந்தப் பேச்சு வந்தது. அவருக்கு ஆட்டோ சங்கர் வழக்கு முழுதாகத் தெரியும் என்றார். எப்படிப் பிடித்தார்கள், போலீஸ்காரர் எப்படிச் சண்டை போட்டார், எல்லாம் சொன்னார். அருமையாகச் சொன்னார். சண்டைக்கு நடுவில் எனக்குப் பொறி தட்டியது. அது 1990-இல் வந்த புலன் விசாரணை. அந்தச் சம்பவத்தைத் தழுவி எடுத்த படம், தோட்டத்தில் வீடியோ கேசட் போட்டு லயமே (தொழிலாளர் வரிசை வீடுகளே) உட்கார்ந்து பார்த்தது. பெரியம்மா, போலீஸ்காரர் விஜயகாந்த் மாதிரி இருந்தாரா என்று கேட்டேன். "அவரேதான்யா" என்றார்.

சிரிக்க வேண்டாம். என் தலைக்குள்ளும் பாதி அந்தக் கேசட்தான் ஓடுகிறது. சிவப்புப் புத்தகம் எழுதியவரும் கேசட் பார்த்திருக்கலாம் அல்லவா?

மார்ச் 9, இரவு 10.00

"அப்போது போலீஸ் பெரிய அதிகாரி எழுதினால் நம்பலாமா, அவர் வாளிக்கு எதிரில் நின்றவர்தானே" என்று ஒருவர். அதிகாரி என்றாலும் நாள் பார்க்க வேண்டும். உலகத்திலேயே அதிகமாக எழுதித் தள்ளப்பட்ட கொலைகாரன் லண்டன் ஒயிட்சேப்பல் ஆள், 1888, ஜாக் த ரிப்பர். அந்த வழக்கை நடத்திய மெல்வில் மக்நாட்டன் என்ற உயர் அதிகாரி 1894 பிப்ரவரியில் ரகசியக் குறிப்பு ஒன்று எழுதினார், மூன்று பேரைச் சந்தேகப்பட்டு. முதல் ஆள் ட்ரூயிட். டாக்டர், வயது சுமார் 41 என்று மக்நாட்டன் சொல்கிறார். அந்த ஆள் டாக்டர் இல்லை, வழக்கறிஞர், பள்ளிக்கூட ஆசிரியர். 1888 டிசம்பர் 31 அன்று தேம்ஸ் நதியில் பிணமாக எடுத்தபோது வயது 31. தொழில் தப்பு, வயது பத்து வருஷம் தப்பு. ஆனால் எழுதியவர் பெரிய இடம், தாள் ரகசியத் தாள், அதனால் பல வருஷம் யாரும் நகம் வைத்து உரிக்கவில்லை.

மார்ச் 9, இரவு 10.25

திருத்தம். "வழக்கை நடத்திய" என்று எழுதிவிட்டேன். மக்நாட்டன் போலீசில் சேர்ந்ததே 1889 ஜூனில், ரிப்பர் செய்ததாகச் சொல்லும் ஐந்து கொலையும் முடிந்து ஏழு மாதம் கழித்து. அவர் எழுதியதும் ஃபைல் பார்த்தும் கேட்டும் எழுதியதுதான். அதாவது அவரே இரண்டாம்நிலை! நான் ஒரு புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்து எழுதினேன். இனிமேல் பின்னட்டையைக் கிழித்துவிட்டுப் படிக்கப் போகிறேன்.

மார்ச் 11, காலை 6.10

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "தொடர் கொலையாளி" என்ற சொல். புத்தகம் முழுக்கச் சங்கர் மனநோயாளி, ரத்தவெறி பிடித்தவன் என்று போகிறது. ஆனால் தீர்ப்புகள் காட்டுகிற ஆள் வேறு மாதிரி: சாராயம், பாலியல் தொழில், கூட்டாளிகள், தொழிலுக்குக் குறுக்கே வந்தவர்களைத் தீர்த்துக் கட்டுவது. கும்பல் தலைவன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒருவனைத் தொடர் கொலையாளி என்று சொல்ல, அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டம் மூன்று கொலை வேண்டும் என்றது, 2005-இல் எஃப்.பி.ஐ. கூட்டிய கருத்தரங்கு தனித்தனிச் சம்பவங்களில் இரண்டு கொலை போதும் என்றது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சங்கர் இரண்டுக்கும் பொருந்துவான். ஆனால் அந்தப் பெயரை ஒட்டியவுடனே வெளிநாட்டுக் கொலைகாரர்களின் மனசெல்லாம் வந்து சங்கர் மண்டையில் குடியேறிவிடுகிறது, ராத்திரி இரண்டு மணி அரைப் பக்கம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். இதை உன் விரிவுரையாளரிடம் கேள். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம்.

மார்ச் 11, இரவு 9.00

கேட்டாளாம். "உங்கள் மாமா எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்" என்றாராம். பால்கொட்டகைப் பல்கலைக்கழகம் என்று சொல்லு.

மார்ச் 13, இரவு 11.40

புத்தகத்தைக் குப்பையில் போடச் சொன்னதாக நினைக்கிறாள், இல்லை. மறுபடி ஒருமுறை புரட்டினேன். திருவான்மியூர், கடற்கரைப் பக்கம், அந்தக் காலத்துச் சாராயக் கடை, ஆட்டோ ஸ்டாண்டு பேச்சு, இதெல்லாம் எழுதியவர் அங்கே சுற்றித் திரிந்தவர் என்று தெரிகிறது. ஒரு பக்கத்தில் சாராயக் கேனை ஆட்டோவின் பின் சீட்டுக்கு அடியில் எப்படி வைப்பார்கள், மேலே என்ன போட்டு மூடுவார்கள் என்று சொல்கிறார். இட்டுக்கட்டுகிறவன் கதறலை இட்டுக்கட்டுவான், சாக்கு மூட்டையை இட்டுக்கட்ட மாட்டான். அதை மட்டும் எடுத்துக்கொள், வேறு ஒரு இடத்திலும் கிடைத்தால் சான்றாகப் போடு, கிடைக்காவிட்டால் "ஒரு வெகுஜன நூல் இப்படிச் சொல்கிறது" என்று எழுது. தேதி, எண்ணிக்கை, நீதிமன்றம் எதையும் அதிலிருந்து எடுக்காதே.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சங்கர் சாப்பிட்ட பிரியாணிக்கு ஒன்றரைப் பக்கம். செத்துப்போனவர்களுக்குச் சேர்த்து ஒரு பக்கம் தேறவில்லை. ஒரு பெண்ணை "அழகி" என்பதோடு முடித்துவிட்டார். வயது இல்லை, ஊர் இல்லை, தேடி வந்த அம்மா அப்பா உண்டா என்று இல்லை. தோட்டத்தில் இப்படித்தான், செக்ரோலில் நம்பர் மட்டும் இருக்கும் ஆட்கள் இருந்தார்கள். கட்டுரையில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கு.

மார்ச் 16, இரவு 8.50

கட்டுரை கொடுத்துவிட்டாள். சிவப்புப் புத்தகம் ஒரே இடத்தில், சாக்கு மூட்டைக்காக.

மார்ச் 18, இரவு 10.15

முடிந்தது என்று நினைத்தேன். நேற்று வீட்டுக்கு வந்திருந்தாள். 1948 ஜூன் 16 பேச்சு வந்தது, எங்கள் ஊருக்கு அது மறக்காத நாள். காலையில் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள், மலாயாவில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் பிறந்தது அதிலிருந்துதான். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: எங்கள் அப்பா அன்றைக்குப் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து நிரைக்கு (ரப்பர் மர வரிசைக்கு) போகும்போது வெடிச்சத்தம் கேட்டவர், மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே போட்டுவிட்டு ஓடினவர் என்று. நாற்பது வருஷமாகச் சொல்கிற கதை, மங்கு உருண்ட சத்தம்வரை சொல்வேன்.

"மாமா, தாத்தா எந்த வருஷம் பிறந்தார்?" என்றாள்.

எழுந்து போய் அலமாரியில் அப்பாவின் அடையாள அட்டையை எடுத்தேன். 1941. ஏழு வயசுப் பையன் எந்தப் பெரட்டில் நின்றான்? பிறந்த இடமும் கோலகங்சார் பக்கம், இங்கே வந்தது கல்யாணத்துக்கு அப்புறம்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கும் முன்பே சொன்னார்: "அது எங்கப்பா கதைடா. உங்கப்பாவுக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்துதான் சொன்னாரு. மங்கு கிங்கு எல்லாம் அவரு சொல்லல, அது உங்கப்பா போட்டது."

அம்மாவின் அப்பாவாவது அந்த வெடிச்சத்தத்தைக் கேட்டாரா என்று அவள் விடவில்லை. அவர் அன்றைக்கு எந்த நிரையில் இருந்தார் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்தத் தாத்தா வேலை செய்த தோட்டத்தின் பழைய செக்ரோல் எங்கேயாவது இருக்கிறதா என்று நாளைக்கு ஒருவரைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.